சாளைக்கு ஒரு சம்படம்: நாய்த் தின்பண்டம் செய்து பார்த்த நாலு மாதம்

மாட்டுத்தோலை முறுக்கி, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு, வெள்ளை எலும்பு மாதிரி செய்து நாய்ச் சாமான் விற்கும் கடைகளில் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்களே, அதில் ஒன்றைத்தான் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் சாளையின் தொண்டைக்குள் இரண்டு விரலை விட்டு உருவி எடுத்தேன். அதற்குப் பிறகுதான் நாய்க்கு என்ன தின்னக் கொடுக்கிறோம் என்று உட்கார்ந்து யோசித்ததும், இந்த நாலு மாதச் செய்முறையும். எங்கள் ஊர்ப்பக்கம் நாய் வளர்க்கிறவர்களுக்கு உதவும் என்று எழுதி வைக்கிறேன். சொதப்பியதையும் சேர்த்தேதான் எழுதுகிறேன், சொதப்பியதுதான் அதிகம்.

சாளை என்பது நாயின் பெயர். குட்டியாக இருந்தபோது தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் அண்ணனின் பைக் சத்தம் கேட்டால் போதும், முக்கு வரைக்கும் ஓடி அவரோடு கூடவே திரும்பி வரும். அம்மா வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. நாட்டு நாய், பெண், மூன்று வயது, கருத்தடை செய்தாகிவிட்டது. வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊர்ப்பக்கம். சுற்றிலும் ரப்பரும் தென்னையும் மரச்சீனியும் (மரவள்ளி), ஆகவே நாய் வாயில் எதை எடுக்கும் என்று கேட்கவே வேண்டாம். சின்னதில் ஒட்டுப்பால், அதாவது ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால், தின்று இரண்டு நாள் வாந்தி எடுத்தது. அந்த நாற்றம் நமக்குக் குமட்டும், நாய்க்கு அது அல்வா.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான். தோல் எலும்பைக் கொடுத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு முடிச்சு அவிழ்ந்து, ஊறி, சவசவவென்று பபிள்கம் மாதிரி ஆகிவிட்டது. மிச்சம் விரல் நீளத்துக்கு இருக்கும்போது, சரி எடுத்துவிடலாம் என்று நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். எழுந்ததுதான் தப்பு. பிடுங்கப் போகிறான் என்று நினைத்து ஒரே விழுங்காக விழுங்கிவிட்டது. பிறகு சத்தமே இல்லை. முன்னங்காலால் வாயைப் பிறாண்டுகிறது, எச்சில் கயிறு மாதிரி தொங்குகிறது, இருமல்கூட வரவில்லை. வாயைப் பிளந்து பார்த்தால் நாக்கின் அடியோரத்தில் வெள்ளையாக ஒரு நுனி தெரிந்தது. தெரிந்ததால் பிடித்து இழுத்தேன். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடும், அதை யாரும் செய்யாதீர்கள். விரல் நீளம் என்று நான் நினைத்தது இழுக்க இழுக்க வந்தது, ஒரு சாண் இருக்கும். என் ஆள்காட்டி விரலில் பல் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது, கடித்த கோபம் ஒன்றும் இல்லை.

அந்தத் துண்டைக் கழுவி ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தேன். காலையில் பார்த்தால் இரண்டு மடங்கு தடிமன். கத்தரிக்கோலால் வெட்டினால்தான் துண்டாகிறது, கையால் பிய்க்க வரவில்லை. தோலில் மேல் அடுக்கு செருப்புக்கும் பைக்கும் போய்விடும், உள் அடுக்கைச் சுண்ணாம்பு போட்டு முடி நீக்கி, பல இடங்களில் வெளுப்பானும் போட்டு வெள்ளையாக்கித்தான் இப்படி முறுக்குகிறார்கள். மெல்லமெல்ல அரைத்துத் தின்கிற நாய்க்கு ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம். விழுங்குகிற நாய்க்குத் தொண்டை தப்பினாலும் குடல் இருக்கிறதே. தம்ளரில் இரண்டு மடங்காக ஊதியது வயிற்றில் ஊதாது என்று யார் சொல்ல முடியும்?

மறுநாள் டாக்டரிடம் கொண்டு போனோம். தொண்டையில் காயம் இல்லை. ஆனால் அவர் தராசில் நிறுத்திவிட்டு, விலாவைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு விலா எலும்பு எங்க?" என்றார். 19.6 கிலோ. 18தான் இருக்க வேண்டுமாம். ஒரு நாளைக்கு என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் காலையும் ராத்திரியும் போடும் சாப்பாட்டைச் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டால் விஷயம் வெளியே வந்தது. அம்மா காலைச் சாயாவுக்கு இரண்டு மாரி பிஸ்கட், பதினொரு மணிக்கு இரண்டு, சாயங்காலம் சாயாவில் முக்கி இரண்டு. ஒரு பிஸ்கட் ஏறத்தாழ 25 கலோரி, ஆறு பிஸ்கட் 150. இது போக நான் பயிற்சி என்ற பெயரில் கடை ஜெர்க்கி, அதாவது காயவைத்த இறைச்சித் துண்டு. அப்புறம் பல் சுத்தமாகும் என்று ஒரு குச்சி, அதன் அட்டையிலேயே 70க்கு மேல் கலோரி போட்டிருந்தது. அதை அன்றைக்குத்தான் படித்தேன்.

டாக்டர் சொல்லித் தந்த கணக்கு: நாயின் எடையைக் கிலோவில் எடுத்து அதன் 0.75 அடுக்கைக் கண்டுபிடித்து 70ஆல் பெருக்க வேண்டும், கருத்தடை செய்த வளர்ந்த நாய் என்றால் அதை 1.6ஆல் பெருக்க வேண்டும். செல்போன் கால்குலேட்டரைப் படுக்கை வாட்டில் திருப்பினால் அடுக்குப் பொத்தான் வரும். 18 கிலோவுக்கு 612 வரும், 1.6 மடங்கு ஏறத்தாழ 980. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக்கூடாது. ஆக, சாளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 100 கலோரி, நாலு மாரி பிஸ்கட். நாங்கள் அதைப் போல இரண்டரை மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தோம், அதுவும் சாப்பாட்டில் ஒரு பிடிகூடக் குறைக்காமல்.

"சாயாவும் கொடுக்கக்கூடாது கேட்டியா" என்று அம்மாவிடம் சொன்னதற்கு, "முக்கித்தானே கொடுத்தேன், குடிக்கவா கொடுத்தேன்" என்றார். அது ஒரு வாரம் ஓடிய வழக்கு.

சரி, எதைக் கொடுப்பது? மார்த்தாண்டத்தில் இரண்டு கடை ஏறி இறங்கி ஐந்து வகை வாங்கி வந்து மேஜையில் பரப்பினேன். முதலில் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பது. நகம் துளியும் பதியவில்லையென்றால் அது பல்லைவிடக் கெட்டி என்று வைத்துக்கொள்ளலாம். நாய்க்கு மேல்தாடையில் இரண்டு பக்கமும் ஒரு பெரிய கடைவாய்ப்பல் இருக்கும், கடிப்பதெல்லாம் அதால்தான், கெட்டியானதைக் கடித்தால் அது பக்கவாட்டில் பாளமாகப் பெயரும். இன்னொரு வழி, அதை எடுத்து நம் முழங்கால் சில்லில் தட்டிப் பார்ப்பது. நமக்கு வலித்தால் நாய்க்குக் கொடுக்காதே என்பது டாக்டரின் கணக்கு. ஐந்தையும் தட்டி, மூன்றாவதிலேயே முழங்கால் சிவந்துவிட்டது.

மான்கொம்புத் துண்டு, நகமும் பதியவில்லை, முழங்காலும் போச்சு. மாட்டுக் குளம்பும் அப்படியே. இமயமலைப் பக்கம் யாக் பாலில் செய்யும் கட்டிச் சீஸ் ஒன்று இப்போது எல்லாக் கடையிலும் வருகிறது, நல்ல சரக்குதான், பாலைத் தவிரப் பெரிதாக எதுவும் கிடையாது, ஆனால் கல். தண்ணீரில் இரண்டு மணி நேரம் போட்டும் மேலே வழுவழுவென்று ஆனதே தவிர உள்ளே அசையவில்லை. கடித்து நொறுக்குகிற நாய்க்கு வேண்டாம், நக்கி நக்கித் தின்கிற நாய்க்குக் கொடுக்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன். ஒன்று மட்டும் செய்து பார்த்தேன்: மைக்ரோவேவில் ஒரு துண்டை வைத்தால் அது பொரி மாதிரி உப்பி, நகம் பதியும் பக்குவத்துக்கு வந்துவிடுகிறது. அதைச் சாளை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டது, காசு போனது.

மீதி இருந்தது இன்னொரு தோல் எலும்பு, அதைக் குப்பையில் போட்டேன், அப்புறம் ஒரு பாக்கெட் கோழி ஜெர்க்கி. ஜெர்க்கி விஷயத்தில் எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. அமெரிக்காவில் 2007இலிருந்து ஜெர்க்கி தின்ற நாய்களுக்கு வயிற்றுக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு என்று ஆயிரக்கணக்கில் புகார் வந்து, பெரும்பாலும் சீனாவிலிருந்து வந்த சரக்கு, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பல வருடம் சோதித்தும் இதுதான் காரணம் என்று ஒன்றை அடித்துச் சொல்ல முடியவில்லை. என் கையிலிருந்த பாக்கெட்டில் எங்கே செய்தது என்பதே எலி எழுத்தில் இருந்தது, பொருள் வரிசையில் கோழிக்கு அடுத்து கிளிசரின். கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் கோழியும் ஓவனும் வீட்டில் இருக்கும்போது இதற்கு ஏன் 70 கிராமுக்கு நூற்றைம்பது ரூபாய் என்று தோன்றியது.

அங்கேதான் செய்முறை தொடங்குகிறது. முதல் முயற்சி ஏப்ரலில், நெத்தோலி. வெளியூர்க்காரர்கள் நெத்திலி என்பார்கள். கடைக் கருவாட்டைக் கொடுக்கலாமே என்றால் அதில் உப்பு மூட்டையாக இருக்கும், கழுவினாலும் ஊறவைத்தாலும் முழுக்கப் போகாது. ஆகவே பச்சை மீன் ஒரு கிலோ வாங்கி உப்புப் போடாமல் காயவைப்பது என்று திட்டம். மீன்கார அண்ணனிடம் சொன்னபோது அவர் பைக்கை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"உப்பில்லாத கருவாடா? புழு வச்சிரும் மக்ளே."

அவர் சொன்னது அப்படியே நடந்தது. மொட்டைமாடியில் வலை விரித்துப் பரப்பினேன். முதல் நாள் காக்காய்க்குக் காவல். இரண்டாம் நாள் மூன்று மணிக்கு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து கோடைமழை. உள்ளே அள்ளிக்கொண்டு வந்து மின்விசிறியில் போட்டும் ராத்திரியே வாடை மாறிவிட்டது. மொத்தத்தையும் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன், அதையும் சாளை தோண்டப் பார்த்தது, மேலே கல் வைத்தேன். வெயிலில் கருவாடு கெடாமல் இருப்பது வெயிலால் மட்டும் இல்லை, உப்பாலும்தான். உப்பு இல்லையென்றால் சூடு வேண்டும், அதுவும் வேகமாக. நம் மாவட்டத்துக் காற்றில் எந்த நேரமும் ஈரம் இருக்கிறது, இரண்டு பருவமழையும் நமக்குத்தான், இதில் இறைச்சியையும் மீனையும் வெயிலை நம்பிக் காயவைப்பது வேண்டாத வேலை.

பக்கத்து ரப்பர்த் தோட்டத்து அண்ணனுக்கு ஒரு யோசனை: "நம்ம புகைப்புரையில கெட்டித் தொங்கவிடு, ஷீட்டோட ஷீட்டா உணங்கிரும்." கேட்க நன்றாகத்தான் இருந்தது, ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கிற புரை அது, அங்கே சூடு இருக்கிறது, புகை இருக்கிறது. ஆனால் ரப்பர்ப்பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட்டின் நெடியும் கரியும் அந்தப் புரையின் சுவரெல்லாம் ஏறியிருக்கும். நாய்க்கு அதில் கோழி உணக்கிக் கொடுத்தால் தின்னும், நாய் என்ன வேண்டுமானாலும் தின்னும், அதனால்தானே இவ்வளவு பாடு.

இரண்டாவது முயற்சி ஓவன். எங்கள் வீட்டில் கேக் செய்ய வாங்கிக் கேக் செய்யாத ஓடிஜி ஒன்று அலமாரிக்கு மேலே இருந்தது. அதன் திருகு 100 டிகிரியில்தான் தொடங்கும், எனக்கு வேண்டியது 70. கதவில் ஒரு மரக்கரண்டியைக் கொடுத்து விரல் தடிமன் திறந்து வைத்தால், உள்விசிறியும் ஓடினால், 65க்கும் 75க்கும் நடுவில் நிற்கிறது. இதற்காக இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். இந்தச் செய்முறையில் உருப்படியாகச் செலவழித்த காசு அதுதான்.

கோழி நெஞ்சுக்கறி ஒரு கிலோ, எலும்பில்லாமல். முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பாதி உறைந்த பக்குவத்தில் அரை சென்டிமீட்டர் தடிமனுக்குச் சீவ வேண்டும், முழுக்க இளகியிருந்தால் கத்தி வழுக்கும். நாரின் வாட்டத்திலேயே சீவினால் நாய் கொஞ்ச நேரம் மென்று தின்னும், நாருக்குக் குறுக்கே வெட்டினால் கையாலேயே உடைத்துப் பயிற்சிக்குச் சின்னத் துண்டாகக் கொடுக்கலாம். நான் பாதிப் பாதியாகச் செய்தேன். சீவியதை நேராக ஓவனில் வைக்கக்கூடாது. முதலில் இட்லிச் சட்டியில் ஆவியில் வேகவைத்து உள்ளே 74 டிகிரி வரவேண்டும், பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஏன் இந்த இரண்டாம் வேலை என்றால், குறைந்த சூட்டில் நேராகக் காயவைத்தால் மேலே காய்ந்துவிடும், உள்ளே சால்மொனெல்லா மாதிரிக் கிருமிகள் சாகாமல், காய்ந்துபோய்ச் சூட்டையும் தாங்குகிற நிலைக்கு வந்துவிடும். நாய்க்கு வயிறு தாங்கலாம். அதை எடுத்துக் கொடுப்பது நம் கை, அந்தக் கையால்தான் நாம் சோறு தின்கிறோம்.

வெந்ததைத் துணியில் ஒற்றி எடுத்து ஈரம் போக்கி, கம்பி வலையில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் அடுக்கி ஆறு மணி நேரம். நடுவில் ஒருமுறை திருப்பிப் போட்டேன். ஒரு துண்டை எடுத்து வளைத்தால் வெடிக்க வேண்டும், வெடித்த இடத்தைக் கிள்ளினால் உள்ளே ஈரம் தட்டக்கூடாது. ஒரு கிலோ கறி 290 கிராமாக வந்தது. மீட்டரைப் பார்த்தேன், நாலு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. "இரண்டு மாசத்துக்கு நூறு யூனிட் சும்மா தாறான், அத நாய்க்கு எரிச்சுத் தீத்துரு" என்று அம்மா சொன்னதையும் சேர்த்துக் கொள்க.

காய்ந்த கோழி கிராமுக்கு நாலு கலோரி என்று வைத்தால் 25 கிராம் சாளையின் ஒரு நாள் பங்கு. தட்டில் வைத்துப் பார்த்தால் அது நிறைய இருக்கிறது, பட்டாணி அளவுக்கு உடைத்தால் ஐம்பது அறுபது துண்டு தேறும். நாய்க்கு எத்தனை தடவை கிடைத்தது என்பதுதான் கணக்கு, எவ்வளவு பெரிதாகக் கிடைத்தது என்பது இல்லை. ஒரு பெரிய துண்டைக் கொடுத்தால் கொடுக்கும் அதே சந்தோஷ வாலாட்டலைக் கடுகத்தனை துண்டுக்கும் கொடுக்கிறது.

நெத்தோலியும் இப்படியே, ஐந்து நிமிட ஆவி, நாலு மணி நேர ஓவன். ஒரு கிலோ மீன் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஆனால் வாடை! மதியம் தொடங்கியது, சாயங்காலம் ஜெபத்துக்கு வந்த பெரியம்மை வாசலிலேயே நின்றுவிட்டார். அன்றைக்கே ஓடிஜி விறகுப்புரைக்குக் குடிபெயர்ந்தது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம் மேற்குக் கடற்கரையில் விசைப்படகுக்குத் தடை, வள்ளத்துக்காரர்கள் கொண்டுவருவதுதான் மீன். விலை ஏறிவிடும், நாய்க்கு மீன் வாங்க மனசு வராது. ஆகவே மே கடைசியிலேயே இரண்டு கிலோ செய்து ஃப்ரீசரில் போட்டேன்.

இதற்குள் அம்மாவிடம் இன்னொரு பேச்சும் ஓடியது. மீன் புளிமுளம், அதாவது புளி விட்ட மீன் குழம்பு, வைத்தால் சட்டியிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து ஊதிச் சாளைக்குப் போடுவது அவர் பழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும், சின்ன வெங்காயமும் அதில் சேர்த்திதான். எனக்குப் புதிதாக இருந்தது புளி. திராட்சை தின்றால் நாய்க்குச் சிறுநீரகம் பழுதாகும் என்று ரொம்ப நாளாகச் சொல்வார்கள், ஏன் என்று தெரியாமலே இருந்தது. 2022இல் வந்த ஒரு கால்நடை மருத்துவக் கட்டுரையில், புளி தின்ற நாய்களுக்கும் அதே மாதிரி ஆனதைக் காட்டி, இரண்டிலும் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஒரு துண்டு மீனில் ஒட்டியிருக்கும் குழம்பு பெரிதாக எதுவும் செய்யாது என்றுதான் நினைக்கிறேன், இத்தனை நாள் செய்யவும் இல்லை. ஆனாலும் இப்போது மீன் கழுவும்போதே இரண்டு துண்டைத் தனியாக எடுத்து வெறும் தண்ணீரில் வேகவைத்து முள் எடுத்துக் கொடுக்கிறார். "நாய்க்குப் பத்தியச் சாப்பாடு" என்று ஊரெல்லாம் சொல்லியும் ஆயிற்று.

மரச்சீனிக் கிழங்கைப் பற்றியும் கேட்கிறார்கள். பச்சையாக ஒரு துண்டுகூடக் கூடாது, தோலும் இலையும் கூடவே கூடாது, அதில் சயனைடு உண்டாகும், ஆடுமாடு செத்த கதை நம்மூரில் எல்லாருக்கும் தெரியும். தோலுரித்து நன்றாக அவித்து, தண்ணீரை ஊற்றிவிட்டுக் கொடுத்தால் ஒரு வாய் பரவாயில்லை, ஆனால் வெறும் மாவு, எடை குறைக்கிற நாய்க்கு எதற்கு. ஏத்தங்காய் சிப்ஸ், வேண்டாம், எண்ணெயும் உப்பும். தேங்காய்ச் சில்லு, விரல்நகம் அளவுக்கு, அதற்கு மேல் போனால் வயிறு இளகும். தொண்டைக் கடித்து விளையாட விடக்கூடாது, தேங்காயின் நார் மட்டையைச் சொல்கிறேன், நார் குடலில் போய்ச் சிக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய் எதிலாவது சைலிட்டால் என்று எழுதியிருந்தால் நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். நமக்கு ஒன்றும் செய்யாது, நாய்க்கு ரத்தச் சர்க்கரையைச் சடாரென்று இறக்கி ஈரலையும் கெடுக்கும்.

மூன்றாவது முயற்சி சீனிக்கிழங்கு, சர்க்கரைவள்ளி. இது எளிது என்று நினைத்ததில்தான் இரண்டாம் அடி. நீளவாட்டில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு அரிந்து, ஆவியில் அரைவேக்காடாக வேகவைத்து, ஏழு மணி நேரம் ஓவன். தோல் மாதிரி, வளைந்து, நகம் பதிகிற பக்குவம், சாளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு எட்டு நிமிடம் உட்கார்ந்தது. அழகாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைத்தேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்த நேரம். ஆறாம் நாள் மூடியைத் திறந்தால் இரண்டு துண்டில் வெள்ளைப் பஞ்சு, ஓரத்தில் பச்சைப் புள்ளி. "அத மட்டும் சுரண்டிட்டுக் கொடு" என்றார் அம்மா. பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் இருப்பதில்லை, அது விடும் நஞ்சு நாயை நடுங்க வைக்கும். பாட்டிலோடு கொட்டினேன்.

என்ன தப்பு என்று யோசித்ததில் இரண்டு. கிழங்கு சூடாக இருக்கும்போதே பாட்டிலில் போட்டு மூடினேன், ஆவி உள்ளேயே தண்ணீராகிவிட்டது. இரண்டாவது, நடுவில் ஈரம் மிச்சம் இருந்தது, மேலே காய்ந்தது கண்ணை ஏமாற்றியது. இப்போது செய்வது: முழுக்க ஆறவிட்டு, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, ஒரு நாள் சும்மா வைத்துப் பார்க்கிறேன். உள்பக்கக் கண்ணாடியில் ஒரு துளி வேர்த்தாலும் எல்லாம் திரும்ப ஓவனுக்கு. வேர்க்கவில்லையென்றால் ஒரு வாரத்துக்கு வேண்டியது ஃப்ரிட்ஜில், மீதி ஃப்ரீசரில். வெளியே எதுவும் வைப்பதில்லை, இந்த மழையில் பப்படமே வளைகிறது.

இதெல்லாம் நொறுக்குத் தீனி. தோல் எலும்பின் இடத்தில், கொஞ்ச நேரம் உட்கார்ந்து மெல்ல ஒன்று வேண்டுமே? அங்கேதான் மாட்டிறைச்சிக் கடை உதவியது. கொரவளை, அதாவது மாட்டின் மூச்சுக்குழாய், கேட்டேன். "நாய்க்குத்தானே, சும்மா கொண்டு போ" என்று பையில் போட்டுக் கொடுத்தார். மூச்சுக்குழாய் முழுக்கக் குருத்தெலும்பு, தண்ணீரில் ஊறினால் கையால் பிய்க்க வரும், நகமும் பதியும். ஆனால் அதை அப்படியே போடக்கூடாது, மேல்முனையில் குரல்வளைக்குக் கீழே இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும் சதை தைராய்டு சுரப்பி. அது நாயின் வயிற்றுக்குள் போனால் அதன் ஹார்மோன் நாயின் ரத்தத்தில் ஏறி, தைராய்டு கூடிப்போன மாதிரி ஓயாத தாகம், படபடப்பு, இளைப்பு எல்லாம் வரும். 2017இல் அமெரிக்காவில் இதற்காகவே எச்சரிக்கை விட்டு நாய் உணவுகளைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு எது சுரப்பி எது கொழுப்பு என்று முதலில் பிடிபடவில்லை, ஆகவே மேலே ஒரு கை அகலத்தை அப்படியே வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்தேன். சும்மா கிடைத்ததில் கஞ்சத்தனம் எதற்கு.

வெளியிலிருந்த கொழுப்பையும் சவ்வையும் வழித்து, நீளவாட்டில் பிளந்து, வளையமாக விடவே இல்லை, வளையமாக இருந்தால் கீழ்த்தாடையில் போய் மாட்டிக்கொள்ளும். சாளையின் வாயைவிட நீளமாக, முக்கால் அடித் துண்டுகள். இருபது நிமிடம் வேகவைத்து, பத்து மணி நேரம் ஓவன். தம்ளர்ச் சோதனையில் ஒரு மணி நேரத்தில் மெத்தென்று ஆகிவிட்டது, பிய்த்தால் பிய்ந்தது. சாளைக்குப் பதினைந்து நிமிடம். ஒரு நுனியை நான் கையில் பிடித்துக்கொள்கிறேன். எடுக்க வேண்டி வந்தால் எழுந்து போய்ப் பிடுங்குவதில்லை, ஒரு நெத்தோலியைக் காட்டுகிறேன், அது தானே வாயை விடுகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை இது தெரிந்திருந்தால் விரல் தப்பியிருக்கும்.

ஆனால் உள்ளதைச் சொன்னால், நேரம் போக்க இவை எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது நடுவில் ஓட்டையுள்ள ஒரு கெட்டி ரப்பர்ப் பொம்மைதான். அவித்த பூசணி இரண்டு கரண்டி, சீனி போடாத தயிர் ஒரு கரண்டி, பாதி மட்டிப்பழம் பிசைந்து உள்ளே அடைத்து ராத்திரி ஃப்ரீசரில் வைத்துக் காலையில் கொடுத்தால் அரை மணி நேரம் ஆள் இருக்கிற இடம் தெரியாது. முதலில் சிரட்டையில் உறைய வைத்துக் கொடுத்தேன், பார்க்க நன்றாக இருந்தது. ஐந்தே நிமிடத்தில் சிரட்டை நாலு சில்லாக நொறுங்கியது, ஒவ்வொன்றும் பிளேடு. உடனே பிடுங்கினேன், நெத்தோலி காட்டித்தான்.

கோழி ஈரலும் ஒருமுறை செய்தேன். அதன் வாசத்துக்குச் சாளை பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூடக் கூப்பிட்டால் வரும், ஆனால் வைட்டமின் ஏ தேங்கும் சரக்கு, ஆகவே வாரம் ஒருமுறை, சுண்டுவிரல் நுனி அளவுக்கு மேல் இல்லை.

கணக்கைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தது அம்மாதான். பழைய எவர்சில்வர் சம்படம் ஒன்று, முன்பு சாம்பிராணி போட்டு வைத்தது. தினம் காலையில் நான் தராசில் நிறுத்து அன்றைய பங்கை அதில் போடுகிறேன்: பத்து கிராம் கோழி, ஐந்து கிராம் நெத்தோலி, ஒரு சீனிக்கிழங்குத் துண்டு. கொரவளையோ ரப்பர்ப் பொம்மையோ கொடுக்கும் நாளில் அதில் பாதி. வீட்டில் யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான், தீர்ந்தால் தீர்ந்தது. முதல் வாரம் பதினொரு மணிக்கே காலி. இப்போது அம்மா ஒரு நெத்தோலியைத் தலை, நடு, வால் என்று மூன்றாகக் கிள்ளி, மூன்று வேளைச் சாயாவுக்கும் வைத்துக்கொள்கிறார். மூடி திறக்கும் சத்தம் சாளைக்கு மனப்பாடம், பைக் சத்தத்தைவிட இப்போது அதற்குத்தான் வேகமாக ஓடி வருகிறது.

போன வாரம் எடை பார்த்தோம், 18.2. விலா தடவினால் கிடைக்கிறது. இரண்டாவது கொரவளை இதை எழுதும்போது விறகுப்புரையில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஏழு மணி நேரம் ஆயிற்று, இன்னும் மூன்று. கதவில் கொடுத்த மரக்கரண்டி ஒரு பக்கம் கருகிவிட்டது, அம்மா இன்னும் பார்க்கவில்லை.